நின்றுபோன வண்டி எப்படிப் பேசுகிறது?

அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறோம். வெகுநேரம் ஒன்றும் நடப்பதில்லை. ஓரத்தில் இரண்டு குமிழ் வருகிறது, ஏடு லேசாக அசைகிறது. டம்ளரை எடுக்கத் திரும்பிய நேரத்தில் புஸ்ஸென்று பொங்கி அடுப்பு முழுவதும் பால். அது பாட்டுக்குச் சூடேறிக்கொண்டுதான் இருந்தது. நம் கண்ணுக்குத்தான் கடைசி நொடி வரை தெரியவில்லை.

இரவில் நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்கும் லாரியும் பின்னால் வருகிற ஓட்டுநரின் கண்ணுக்கு இப்படித்தான். அது எப்படி என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு நின்ற வண்டியில் போடும் மஞ்சள் மினுக்கு விளக்கைத் திறந்து பார்ப்போம். எந்த நோய்க்கு மருந்து என்று தெரிந்தால்தான், அந்த விளக்கு ஏன் அந்த நிறத்தில், அந்த வேகத்தில் மினுக்குகிறது என்பது விளங்கும்.

கையை நேராக முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள். 200 மீட்டர் தூரத்தில், இரண்டரை மீட்டர் அகலமுள்ள லாரி ஒன்று நிற்கிறது. நீட்டிய விரல்நுனியோடு ஒப்பிட்டால் அது ஒரு பட்டாணி அளவு. நீங்கள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அதாவது நொடிக்கு 22 மீட்டர். நாலரை நொடியில் 100 மீட்டர் தூரத்துக்கு வந்துவிடுவீர்கள். பட்டாணி இப்போது அரைநெல்லிக்காய். அடுத்த இரண்டேகால் நொடியில் தூரம் 50 மீட்டர், எலுமிச்சம்பழம். அதற்கடுத்த ஒரு நொடியில் தக்காளி. அதற்கும் அடுத்த அரை நொடியில் தேங்காய். பட்டாணி நெல்லிக்காயாக எடுத்துக்கொண்ட நாலரை நொடியில் கண் எதையும் கவனிப்பதில்லை. எலுமிச்சை தேங்காயாகிற ஒன்றரை நொடியில்தான் மூளை விழித்துக்கொள்கிறது. பால் பொங்கிவிட்டது.

இதோடு பிரேக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்று உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக இரண்டு நொடி என்று வைத்தால், அதற்குள்ளேயே 44 மீட்டர் ஓடிவிடும். பிறகு காய்ந்த சாலையில் நல்ல கார் ஒன்று நிற்க இன்னும் 36 மீட்டர். ஆக 80 மீட்டர் வேண்டும். பாரம் ஏற்றிய லாரிக்கு இதைவிட அதிகம். ஆனால் முகப்பு விளக்கை டிம் செய்து ஓட்டும்போது, விளக்கில்லாமல் நிற்கும் இருட்டான பொருள் தெரிவது 40, 50 மீட்டருக்குள்தான். வேண்டியது 80, கையில் இருப்பது 50. கணக்கு உதைக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதல் மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105. நாடு முழுவதும் நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒன்று, பின்னால் வந்து மோதியது. ஓடும் வண்டியில் மோதியதும் இதில் அடக்கம்தான் என்றாலும், முன்னால் இருப்பது நிற்கிறதா நகர்கிறதா என்று கடைசி நேரம் வரை தெரியாமல் போவதே இவற்றில் பலவற்றின் ஊற்றுக்கண்.

ஆகவே நின்றுபோன வண்டிக்குத் தேவை வெளிச்சம் அல்ல, ஒரு குரல். “நான் நகரவில்லை” என்று 200, 300 மீட்டருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அந்தக் குரல்தான் நாலு மூலையிலும் மினுக்கும் ஹசார்டு விளக்கு. பொத்தானில் தொடங்கி, பின்னால் வருகிறவரின் கண் வரைக்கும் அந்தக் குரலோடு கூடவே நடந்து போவோம்.

முதலில் பொத்தான். டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் போட்டிருக்கும். நம் ஊரில் சிலர் இதை எமர்ஜென்சி லைட் என்பார்கள், சிலர் பார்க்கிங் லைட் என்பார்கள். சாவியை எடுத்துவிட்டாலும் இது எரியும். ஏன்? வீட்டில் மின்சாரம் போய் மோட்டார் ஓடவில்லை என்றாலும் மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தால் குழாயில் வருகிறதல்லவா, அது மாதிரி. காரின் மற்றப் பல வேலைகள் சாவி திருப்பினால்தான் நடக்கும். இந்தப் பொத்தான் மட்டும் பேட்டரி என்ற மாடித் தொட்டியோடு நேராக இணைந்தது. எஞ்சின் செத்துப்போன நேரத்தில்தானே இது வேண்டும்! வழக்கமாக இடது இண்டிகேட்டருக்கு ஒரு குழாய், வலதுக்கு ஒரு குழாய். இந்தப் பொத்தானை அழுத்தினால் இரண்டு குழாயும் ஒன்றாகத் திறக்கின்றன. தனியாக விளக்கு எதுவும் கிடையாது, அதே இண்டிகேட்டர்கள்தான்.

பிறகு மின்சாரம் போய்ச் சேருவது ‘பிளாஷர்’ என்ற சின்ன டப்பாவுக்கு. டிக் டிக் என்று சத்தம் போடுவது இதுதான். எங்கள் தெருமுனை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் பழையது ஒன்று கேட்டேன். பெட்டியைத் துழாவி, தீப்பெட்டியைவிடச் சிறிய அலுமினிய டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “உள்ளே ஒண்ணுமே இல்ல சார், ஒரு தகடுதான்” என்றார். மூடியைப் பிரித்தால் உண்மையிலேயே ஒரு மெல்லிய தகடு, அதன்மேல் சுற்றிய மயிரிழைக் கம்பி, முனையில் மிளகில் பாதியளவு வெள்ளிப் புள்ளி. அவ்வளவுதான். அந்தப் புள்ளி கறுத்துப் போயிருந்தது. லட்சக்கணக்கான தடவை தொட்டுத் தொட்டு விலகிய தழும்பு.

இந்தத் தகடு எப்படி வேலை செய்கிறது? அப்பளத்தை அனலில் வாட்டுங்கள். அனல் படும் பக்கம் ஒரு மாதிரி, மேல் பக்கம் வேறு மாதிரி. இரண்டும் ஒத்துப்போகாததால் அப்பளம் வளைகிறது. அது போலவே இந்தத் தகட்டில் இரண்டு உலோகங்கள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கின்றன. சூடானால் ஒன்று அதிகம் நீளும், மற்றது குறைவாக நீளும். ஆகவே தகடு வளைகிறது. வளைந்தால் புள்ளி விலகுகிறது, மின்சாரம் அறுபடுகிறது, விளக்கு அணைகிறது. மின்சாரம் இல்லாததால் தகடு ஆறுகிறது, நிமிர்கிறது, புள்ளி மறுபடி தொடுகிறது, விளக்கு எரிகிறது. உடனே மறுபடி சூடு. குக்கரில் ஆவி சேர்ந்து விசில் தூக்கி, ஆவி போனதும் விசில் உட்கார்ந்து, மறுபடி ஆவி சேருகிற கதைதான். யாரும் கூடவே நின்று போட்டு அணைக்க வேண்டியதில்லை. சூடே போடுகிறது, சூடே அணைக்கிறது.

இதில் ஒரு அழகும் இருக்கிறது. பின்பக்க பல்பு ஒன்று ஃபியூஸ் போனால் ஓடும் மின்சாரம் குறையும். அடுப்பைச் சிம்மில் வைத்தால் விசில் வராதது போல, தகடு போதிய அளவு சூடாகாது. விளக்கு மினுக்காமல் சும்மா எரிந்துகொண்டே இருக்கும், அல்லது தாளம் மாறும். ஓட்டுநருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இப்போதைய எலெக்ட்ரானிக் பிளாஷரில் தகடு இல்லை. அதற்குப் பதில் கெபாசிட்டர். சொட்டும் குழாயடியில் வைத்த குவளை மாதிரி. நிரம்பியதும் கவிழ்கிறது, காலியானதும் நிமிர்ந்து மறுபடி நிரம்புகிறது. ஆனால் பழைய தகடு செய்த உளவு வேலையை இது மறந்துவிடவில்லை. இண்டிகேட்டர் போடும்போது பல்பு ஒன்று போயிருந்தால், வேண்டுமென்றே இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்கும். திடீரென்று டிக்டிக்டிக் என்று பரபரத்தால் அது பிளாஷரின் கோளாறு அல்ல, தகவல்.

பிளாஷரைத் தாண்டி மின்சாரம் பல்புக்கு வருகிறது. சாதாரண இண்டிகேட்டர் பல்பு 21 வாட். நாலு மூலைக்கு 84 வாட். பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைவதால் சராசரி 42. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து மூன்றரை ஆம்பியர் என்று கணக்கு. 35 ஆம்பியர்-மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், ஒரு மணி நேரம் போட்டு வைத்தாலும் பத்தில் ஒரு பங்குதான் தீரும். “பேட்டரி இறங்கிவிடும்” என்று பயந்து ஹசார்டை அணைத்துவிட்டு இருட்டில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சிலிண்டரில் கேஸ் இருக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டினி கிடப்பது போன்றது அது.

எல்.இ.டி. வந்த பிறகு செலவு இன்னும் குறைந்துவிட்டது. அதைவிடப் பெரிய லாபம் வேறு. இழை பல்பு விறகடுப்பு. பற்றவைத்தாலும் முழுச் சூட்டுக்கு வர நேரமாகும். பல்பின் இழை முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி ஆகிறது. எல்.இ.டி. கேஸ் அடுப்பு, திருகிய மாத்திரத்தில் எரியும். 0.2 நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நாலரை மீட்டர், ஒரு காரின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட வரும்.

அடுத்தது மேல்மூடி. பழைய வண்டிகளில் உள்ளே இருப்பது வெள்ளை பல்புதான். நிறம் கொடுப்பது மூடி. மாவு சலிக்கிற சல்லடை நினைவிருக்கட்டும். வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. மூடி என்ற சல்லடை நீலத்தையும் பச்சையையும் பிடித்து நிறுத்திக்கொண்டு, மஞ்சளையும் ஆரஞ்சையும் சிவப்பையும் மட்டும் விடுகிறது. இழை பல்பில் நீலம் இயல்பாகவே குறைவு, மஞ்சளும் சிவப்பும் அதிகம். ஆகவே சலித்த பிறகும் நிறைய மிஞ்சுகிறது. இதே பல்புக்கு நீல மூடி போட்டால் முக்கால்வாசிக்கு மேல் சல்லடையிலேயே தங்கிப்போகும். எல்.இ.டி.க்கு இந்தச் சலிப்பு வேலையே இல்லை. அலுமினியம், இண்டியம், காலியம், பாஸ்பரஸ் நான்கும் சேர்ந்த பளிங்கு ஒன்று நேராக அந்த நிறத்திலேயே ஒளிர்கிறது.

மூடியின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் சில வண்டிகளில் வரிவரியாக மேடுகள் தட்டுப்படும். மீட்பு வண்டிகளின் கூரையில் இருக்கும் குமிழ் விளக்குகளிலும் பார்க்கலாம். தேன்குழல் சுற்று மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். அழகுக்கு வைத்ததல்ல. மேலும் கீழும் சிதறிப்போகும் வெளிச்சத்தை ஒவ்வொரு வளையமும் கொஞ்சம் திருப்பி, சாலையின் மட்டத்தில் தட்டையாக அனுப்புகிறது. வானத்துக்கும் தரைக்கும் போய் வீணாவதை ஓட்டுநரின் கண்மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. பிரெஞ்சுக்காரர் ஃபிரெனெல் கலங்கரை விளக்கத்துக்காகக் கண்டுபிடித்த உத்தி இது. 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் பொருத்தினார்கள். கப்பலுக்குச் சொன்ன எச்சரிக்கையை இன்று அது லாரிக்குச் சொல்கிறது.

இப்போது நிறத்துக்கு வருவோம். மஞ்சள் என்று சொல்கிறோம், ஆனால் அது மஞ்சளும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. இளம்பதத்தில் இருக்கும் வெல்லப்பாகைக் கரண்டியில் எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தால் தெரியுமே, அந்த நிறம். அம்பர் என்கிறார்கள். ஒளியின் அலைநீளக் கணக்கில் சுமார் 590 நானோமீட்டர்.

ஏன் இந்த நிறம்? முதல் காரணம் நம் கண். எல்லா நிறத்தையும் கண் ஒரே மாதிரி ருசிப்பதில்லை. வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு மிகவும் பிடித்தது 555 நானோமீட்டரில் இருக்கும் பச்சை கலந்த மஞ்சள். அதற்கு 100 மதிப்பெண் என்றால், அம்பருக்கு 75. 630இல் இருக்கும் சிவப்புக்கு 26தான். 470இல் இருக்கும் நீலத்துக்கு 9. ஒரே அளவு ஒளிச்சக்தியைச் செலவழித்தாலும் அம்பர் சிவப்பைப் போல மூன்று மடங்கு பிரகாசமாகத் தெரியும். அந்தி மங்கும்போது செம்பருத்திச் செடியைப் பார்த்திருப்பீர்கள். இலை தெரிந்துகொண்டிருக்கும்போதே பூ கறுத்துவிடும். இருட்டில் கண் முதலில் கைவிடுவது சிவப்பைத்தான். அதோடு ஆண்களில் நூற்றில் சிலருக்குச் சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. அவர்களில் ஒரு பிரிவினருக்குச் சிவப்பு மங்கலாகவே படும். அம்பர் அவர்களுக்கும் அவ்வளவாக மங்குவதில்லை.

இரண்டாவது காரணம் பொருள். அடுக்களையில் உப்பு ஜாடியும் சர்க்கரை ஜாடியும் ஒரே மாதிரி இருந்தால் என்ன ஆகும்? வண்டியின் பின்பக்கம் ஏற்கெனவே சிவப்பு இருக்கிறது. பின்விளக்கு சிவப்பு, பிரேக் சிவப்பு. அதற்குள் இன்னொரு சிவப்பைப் போட்டால் ஜாடி மாறிப்போகும். அமெரிக்காவில் பின்பக்க இண்டிகேட்டர் சிவப்பாகவும் இருக்கலாம், அம்பராகவும் இருக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு வசதி கிடைத்தது. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2009இல் வெளியிட்ட ஆய்வில், வண்டி திரும்பும் வேளைகளில் பின்னால் வந்து மோதும் விபத்துகள் அம்பர் இண்டிகேட்டர் உள்ள வண்டிகளில் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைவு என்று தெரிந்தது. ஜாடியின் நிறத்தை மாற்றியதற்கே இவ்வளவு.

இதே ஒழுங்கின்படிதான் கூரை விளக்குகளும். உயிர் காக்க விரையும் வண்டிகளுக்குச் சிவப்பும் நீலமும். அதற்குப் பொருள் “வழி விடு”. பதவியின் அடையாளமாகக் கார்களில் சுழன்றுகொண்டிருந்த சிவப்பு விளக்கை 2017 மே 1 முதல் மத்திய அரசு நீக்கியதை நினைவுகூரலாம். அம்பருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அது கேட்பது ஒன்றே: “கவனம், இங்கே ஒன்று நிற்கிறது அல்லது மெதுவாக நகர்கிறது.” பழுதான வண்டியை இழுத்துப்போகும் மீட்பு வண்டி, சாலை போடும் இயந்திரம், சுங்கச்சாவடி ரோந்து வண்டி எல்லாம் இந்த நிறத்தைத் தலையில் வைத்திருப்பது அதனால்தான். தலையில் வைப்பதற்கும் காரணம் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்கிறோமே, அது போல. இடையில் ஒரு காரோ வேனோ மறைத்தாலும் கூரை விளக்கு அதற்கு மேலே தெரியும்.

சரி, ஏன் மினுக்க வேண்டும்? தொடர்ந்து எரியக் கூடாதா? மாவு ஆட்டும் கிரைண்டரை யோசியுங்கள். ஓட ஆரம்பித்த ஐந்து நிமிடத்தில் அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. நின்ற மறுநொடி எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம். மாறாமல் இருப்பதை மூளை ஒதுக்கி வைத்துவிடும், மாறுவதைத்தான் கவனிக்கும். அதிலும் கண்ணின் ஓரப் பார்வை நிறத்திலும் எழுத்திலும் மந்தம், அசைவிலும் மினுக்கலிலும் படு கூர்மை. ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருந்தாலும், ஓரத்தில் மினுக்கினால் கண் தானாகத் திரும்பும்.

எவ்வளவு வேகத்தில் மினுக்குவது என்பதற்கும் அளவு இருக்கிறது. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை. நம் நாடித் துடிப்பும் ஏறக்குறைய அந்த வேகம்தான். இதைவிட மெதுவாக இருந்தால், ஒரு தடவை அணைந்திருக்கும் நேரத்திலேயே வேகமாக வருகிறவர் 20, 30 மீட்டர் கடந்துவிடுவார். பல மடங்கு வேகமாக இருந்தால் எரிகிறதா மினுக்குகிறதா என்ற பிரிவே மங்கும். கூரை விளக்குகளுக்கு ஐ.நா. விதி 65 நொடிக்கு 2 முதல் 4 தடவை என்று வகுத்திருக்கிறது. அவை இன்னும் அவசரமாகக் கூப்பிடுகின்றன.

ஆனால் உப்பு ருசி தருகிறது என்பதற்காகக் கைநிறைய அள்ளிப் போடுவதில்லை. கடையில் கிடைக்கிற வெள்ளை ஸ்ட்ரோப் விளக்குகளை வாங்கி லாரிக்கும் காருக்கும் மாட்டிவிடுகிறார்கள். இரவில் அது எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்கும். விளக்குக்குப் பக்கத்தில் குனிந்து டயர் மாற்றிக்கொண்டிருக்கும் மனிதர் அந்தக் கூச்சத்தில் காணாமலே போய்விடுவார். அதனால்தான் தரமான கூரை விளக்குகளில் பகலுக்கு ஒரு பிரகாசம், இரவுக்குக் குறைந்த பிரகாசம் என்று வைத்திருக்கிறார்கள்.

நான் அடிக்கடி கேட்கும் ஒரு நம்பிக்கையையும் இங்கே தொட்டுவிடுகிறேன். மஞ்சள் விளக்கு பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும் என்பார்கள். ஊட்டி, ஏற்காடு மலைப்பாதை ஓட்டுநர்கள் பலர் இதை நம்புகிறார்கள். பிரான்சில் 1993 வரை கார்களின் முகப்பு விளக்கே மஞ்சளாக இருந்தது. உண்மை என்னவென்றால், மூடுபனித் துளி ஒளியின் அலையைவிடப் பல மடங்கு பெரியது. அம்மிக்கல்லின் மீது கடுகை எறிந்தாலும் தெறிக்கும், உளுந்தை எறிந்தாலும் தெறிக்கும்; கல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். அது போல அந்தத் துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கிறது. பனியில் அம்பர் உதவுவது அதன் நிறத்தாலும் மினுக்கலாலும் அடையாளம் தெரிவதால். ஊடுருவும் சக்தியால் அல்ல. ஆகவே பனியில் ஹசார்டு போட்டுவிட்டோம் என்று சாலையிலேயே நிற்கக் கூடாது. முழுவதுமாக ஓரம் ஒதுங்கிவிட வேண்டும்.

இவ்வளவு நல்ல குரலை நாம் கெடுப்பது எப்படி என்றும் சொல்ல வேண்டும். சந்திப்பில் நேராகப் போகிறேன் என்று காட்ட நாலு இண்டிகேட்டரையும் போடுவது தமிழ்நாட்டுச் சாலைகளில் ஊறிப்போன பழக்கம். இடப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும்தான் தெரியும்; நீங்கள் இடப்பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று நம்பி அவர் நுழைந்துவிடுவார். மழையில் ஹசார்டு போட்டுக்கொண்டே ஓட்டுவதும் இப்படித்தான். “நிற்கிறேன்” என்று பொருள் தரும் விளக்கை நகர்ந்துகொண்டே போட்டால், உண்மையிலேயே நிற்கிறவரின் குரலுக்கு மதிப்புப் போய்விடுகிறது. தடம் மாறுகிறேன் என்று சொல்லவும் உங்களுக்கு வேறு விளக்கு மிஞ்சுவதில்லை. நேராகப் போவதற்குச் சிக்னல் எதுவும் வேண்டாம். மழைக்கு முகப்பு விளக்கைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து எரியும், அதுவே போதும்.

ஓரமாக நிற்கும் வண்டியிலும் இந்தப் பாதி மறைவு வரும். பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்று உங்கள் இடது விளக்கை மறைத்துவிட்டால், தூரத்தில் இருப்பவருக்கு வலது விளக்கு மட்டும் தெரியும். வண்டி வலப்பக்கம் கிளம்பப் போகிறது என்று எண்ணிக்கொள்வார். ஆகவே விளக்கு மட்டும் போதாது. அதற்கு ஒரு துணை வேண்டும்: டிக்கியில் கிடக்கும் சிவப்பு முக்கோணம்.

முக்கோணத்தில் பேட்டரி இல்லை, பல்பு இல்லை. பிறகு எப்படி எரிகிறது? வீட்டில் இரண்டு சுவரும் தரையும் சேரும் மூலைக்கு ஒரு ரப்பர் பந்தை வேகமாக எறியுங்கள். எந்தக் கோணத்தில் எறிந்தாலும், மூன்று பரப்பிலும் பட்டு உங்கள் பக்கமே திரும்பி வரும். முக்கோணத்தின் சிவப்புப் பட்டைக்குள் அப்படிப்பட்ட குட்டி மூலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வருகிற காரின் வெளிச்சம் உள்ளே போய் மூன்று முகத்திலும் பட்டு, வந்த திசைக்கே, அந்தக் காரின் ஓட்டுநர் கண்ணுக்கே திரும்பிப் போகிறது. லாரிகளின் பின்னால் ஒட்டும் சிவப்புப் பட்டையும் பக்கவாட்டில் ஒட்டும் மஞ்சள் பட்டையும் இதே குணம் கொண்டவைதான். சேறு பூசினால் மூலை அடைபட்டுவிடும். கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் டிரெய்லர்களில் பட்டை இருந்தும் தெரியாமல் போவது இந்தச் சேற்றினால்தான். ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் போதும்.

முக்கோணத்தை எங்கே வைப்பது? பலர் வண்டியின் பம்பரை ஒட்டியே வைக்கிறார்கள். அப்படி வைத்தால் விளக்கு சொன்னதையே அதுவும் சொல்கிறது, கூடுதலாக ஒரு நொடியும் கிடைக்காது. நிற்க 80 மீட்டர் வேண்டும் என்று பார்த்தோம். ஆகவே நாலுவழிச் சாலையில் வண்டிக்குப் பின்னால் எட்டுவைத்து 100 அடிகளாவது நடந்து வையுங்கள். அது ஏறத்தாழ 75 மீட்டர். வளைவாக இருந்தால் வளைவுக்கு முன்பே வையுங்கள். போகும்போது சாலையில் நடக்காமல், தடுப்புக்கு அப்பால் அல்லது மண்தரையில் நடங்கள். முக்கோணத்தை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டே போனால், வைக்கும் வரைக்கும் அது உங்களையும் காக்கும்.

நடந்து போய் வைப்பதிலேயே ஆபத்து இருக்கிறது என்பதும் உண்மை. ஸ்பெயின் இதை யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. 2026 ஜனவரி 1 முதல் அங்கே முக்கோணத்துக்குப் பதில் ‘வி16’ என்ற சின்ன அம்பர் விளக்கு கட்டாயம். உள்ளங்கையில் அடங்கும். அடியில் காந்தம். வண்டியை விட்டு இறங்காமல் கையை நீட்டிக் கூரையில் ஒட்டிவிடலாம். நாலாபக்கமும் மினுக்கும். அதோடு வண்டி நிற்கும் இடத்தைப் போக்குவரத்துத் துறைக்கும் தானே தெரிவித்துவிடும். நம் ஊர் வேகத்துக்கும் இருட்டுக்கும் இது பொருந்துமா என்று நம் அதிகாரிகள் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஆனாலும் நேரான, இருண்ட நெடுஞ்சாலையில் தூரத்தில் வைத்த முக்கோணம் தருகிற முன்னறிவிப்புக்கு ஈடு இல்லை என்பது என் எண்ணம்.

முக்கோணம் இல்லாத லாரிக்காரர்கள் பாவம், ஒரு வேப்பங்கிளையை ஒடித்துப் போட்டு, நாலு கல்லை வரிசையாக வைப்பார்கள். பகலில் கிளை தெரியும், அதன் பொருளும் எல்லோருக்கும் தெரியும். இரவில் கிளை எந்த வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பாது. கல் அதைவிட மோசம். டயர் மாற்றி முடித்து லாரி போய்விடும், கல் அங்கேயே கிடக்கும், அடுத்து வருகிற பைக்குக்கு அதுவே எமன். மற்றவர்க்கு ஆபத்து வரும்படி வண்டியைச் சாலையில் நிறுத்தக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு சொல்கிறது. வண்டியை எடுத்துப் போகும்போது கல்லையும் எடுத்துப் போவது அந்தச் சட்டத்தின் மனசாட்சி.

விளக்கு போட்டாயிற்று, முக்கோணம் வைத்தாயிற்று. இனி வண்டிக்குள் உட்காராதீர்கள். குழந்தைகள், பெரியவர்கள் எல்லோரையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக்கு அப்பால், வண்டிக்குச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். வண்டிக்கு நேர் முன்னால் மட்டும் நிற்க வேண்டாம். பின்னால் மோதினால் வண்டி அந்தப் பக்கம்தான் பாயும். பிறகு தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033ஐ அழையுங்கள், யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.

இன்று மாலை வீட்டு வாசலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். சாவி போடாமல் சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்திவிட்டு, இறங்கி வண்டியை ஒரு சுற்று வாருங்கள். நாலு மூலையும், பக்கவாட்டுச் சின்ன விளக்குகளும் எரிகின்றனவா? பத்து நொடிக்குள் பத்திலிருந்து இருபது தடவைக்குள் மினுக்குகிறதா? மூடியில் தூசி படிந்திருந்தால் துடையுங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கும் முக்கோணத்தை வெளியே எடுத்து, ஒரு தடவை விரித்து நிற்கவைத்துப் பாருங்கள். பிறகு அதை ஸ்டெப்னிக்கு அடியில் வைக்காமல், கதவைத் திறந்தால் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.